ஒரு மூட்டைப் பிசின் வந்த வழி

சிவகாசியில் ஆஃப்செட் அச்சாபீஸ்களுக்கு வேண்டிய கெமிக்கல் கலந்து விற்பது என் பிழைப்பு. அதில் ஒன்று பிளேட்டுக்குத் தடவும் கம். அலுமினியத் தகட்டில் படம் ஏற்றிக் கழுவியதும் மெல்லிசாக இதைத் தடவிக் காயவிடுவார்கள். படம் இல்லாத இடத்தில் மை ஒட்டாது, தகடும் கெடாது. தினசரி காலண்டர் சீசனில் இதற்கு இருக்கும் கிராக்கியைச் சொல்லி மாளாது.

இந்தக் கம், சூடானில் ஹஷாப் என்று சொல்லும் முள்மரத்தின் பிசின். நம் கருவேலமரத்துக்குப் பங்காளி முறை. மழைக்காலம் முடிந்து ஐப்பசி வாக்கில் மரப்பட்டையை ஒரு கீற்று உரித்துவிடுவார்கள். சில வாரங்களில் அந்தக் காயத்திலிருந்து கசிந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருண்டு நிற்கும். கையால் பறித்துக் கூடையில் போட வேண்டியதுதான். இதே பிசின்தான் குளிர்பானத்தில் எண்ணெயும் நிறமும் பிரிந்துபோகாமல் பிடித்துவைக்கிறது. உலகச் சந்தைக்கு வருவதில் முக்கால் பங்கு சூடானுடையது. 1997ல் அமெரிக்கா அந்த நாட்டின்மேல் பொருளாதாரத் தடை போட்டபோதும் பிசினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. 2007ல் வாஷிங்டனில் இருந்த சூடான் தூதர், பத்திரிகையாளர்கள் முன்னால் கோகோ கோலா பாட்டிலைக் காட்டி, பிசினை நிறுத்தினால் இது கிடையாது என்று மிரட்டிப் பார்த்தார். சிரிப்புத்தான் வந்தது. அவர் அப்படிப் பேச வேண்டி வந்ததே சூடானின் மேற்கே டார்ஃபூரில் நடந்த கொலைகளுக்காக என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

நான் சரக்கு வாங்கியது சூடான் தலைநகர் கார்ட்டூமில் ஒரு வயதான வியாபாரியிடம். ஹாஜி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அரைகுறை, அதனால் பிரச்சினையே வந்ததில்லை. சூடான் வங்கிக்கு நேராகப் பணம் அனுப்ப வழியில்லாததால் துபாயில் ஒரு கணக்கு வழியாகத்தான் போகும். கொர்டோஃபான், டார்ஃபூர் பக்கத்திலிருந்து லாரியில் வரும் பிசின், கார்ட்டூமை ஒட்டிய பஹ்ரி தொழிற்பேட்டையில் அவருடைய குடோனில் தரம் பிரிந்து, போர்ட் சூடான் துறைமுகம் வழியாக எனக்கு வரும்.

2018 நவம்பரில் ஒருமுறை நேரிலேயே போனேன். நீல நைலும் வெள்ளை நைலும் கலக்கிற இடத்தைக் காட்டினார். தெருவோரம் சின்ன முக்காலி போட்டு இஞ்சி தட்டிய காபி விற்கும் பெண்களிடம் உட்கார வைத்தார். ஓம்துர்மானில் நாலைந்து தலைமுறையாக இருக்கும் ஒரு குஜராத்திக் குடும்பத்தில் மதியச் சாப்பாடு. எங்கே போனாலும் வரிசை. பெட்ரோலுக்கு வரிசை, ரொட்டிக்கு வரிசை, ஏடிஎம் வாசலில் அதைவிட நீளமான வரிசை. வங்கியில் சொந்தப் பணத்தையே எடுக்க முடியவில்லை என்று எல்லோரும் புலம்பினார்கள். நமக்குத்தான் பணமதிப்பிழப்பு புதிதில்லையே, நானும் ஆமாம் சாமி போட்டுவிட்டு வந்தேன். அடுத்த மாதமே அங்கே ஆட்சியை ஆட்டிவைக்கும் போராட்டம் வெடிக்கப் போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கார்ட்டூமை விட்டு வெளியே போக வெளிநாட்டுக்காரனுக்குத் தனி அனுமதி வேண்டும், அலைச்சல் என்றார். டார்ஃபூரில் சண்டை ஓய்ந்துவிட்டதா என்று பேச்சுவாக்கில் விசாரித்தேன். கையை மேற்கே ஒரு வீச்சு வீசினார். "அது தூரம். ஒட்டகம் மேய்க்கிறவனுக்கும் உழுகிறவனுக்கும் உள்ள தகராறு."

அந்தக் கைவீச்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கார்ட்டூமுக்கும் மற்ற சூடானுக்கும் உள்ள உறவை அந்த ஒரு அசைவு சொல்லிவிட்டது. அதை ஆரம்பித்து வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1899லிருந்து பேருக்கு எகிப்தும் பிரிட்டனும் கூட்டாக ஆண்டாலும் பிடி பிரிட்டனிடம்தான். நைல் கரையில் அணை கட்டி, 1925ல் கெஸிராவில் பருத்திக்குப் பாசனம் கொடுத்து, ரயில் விட்டு, பள்ளிக்கூடம் திறந்து அந்த நடுப்பகுதியை மட்டும் வளர்த்தார்கள். தெற்கை 'மூடிய மாவட்டம்' என்று சட்டம் போட்டு வடக்கோடு ஒட்டவிடவில்லை. மேற்கே டார்ஃபூர் 1916 வரை தனி சுல்தானகம். தமிழ்நாட்டைப் போலக் கிட்டத்தட்ட நாலு மடங்குப் பரப்பு. அதைப் படையெடுத்துச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் அப்படியே மறந்துவிட்டார்கள்.

1953ல் நடந்த முதல் தேர்தலை நடத்திக் கொடுத்த ஆணையத்துக்குத் தலைவர் நம் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். தேர்தல் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் வெள்ளைக்காரர்கள் காலி செய்த ஏறக்குறைய 800 பதவிகளில் தெற்கத்தியருக்குக் கிடைத்தது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. 1956 ஜனவரி 1 அன்று கொடி ஏறுவதற்குள்ளேயே, 1955 ஆகஸ்டில், தெற்கே டோரிட் என்ற ஊரில் சிப்பாய்கள் கலகம் செய்துவிட்டார்கள். 1972 வரை ஒரு போர். பதினோரு வருஷம் அமைதி. 1983லிருந்து 2005 வரை இன்னொன்று, அதில் போன உயிர் சுமார் 20 லட்சம். கடைசியில் 2011ல் தெற்கு தனிநாடாகப் பிரிந்தபோது எண்ணெய்க் கிணறுகளில் முக்கால்வாசியும் கூடவே போய்விட்டன. நடுவில் ஜெயித்த ராணுவப் புரட்சிகள் 1958, 1969, 1989. தோற்றவற்றுக்குக் கணக்கு வேறு. மக்கள் தெருவில் இறங்கி ராணுவ ஆட்சியைக் கவிழ்த்ததும் 1964ல், 1985ல் என்று இரண்டு முறை நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கு அநியாயம்.

புரட்சிகளைவிட என்னை யோசிக்க வைத்தது போர் நடத்திய விதம். தூரத்தில் நடக்கும் போருக்குப் படை அனுப்பக் கார்ட்டூமுக்கு மனசும் இல்லை, காசும் இல்லை. சிப்பாய்களில் பாதிப்பேர் அந்த ஓரப்பகுதிகளைச் சேர்ந்தவர்கள், சொந்த ஊரைச் சுடுவார்களா என்ற சந்தேகம் வேறு. அதனால் மலிவாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லையில் மாடு மேய்க்கும் அரபு இனக்குழுக்களுக்குத் துப்பாக்கி கொடுத்துத் தெற்கத்தியர் மேல் ஏவிவிடுவது. சம்பளம் கிடையாது, கொள்ளையடித்ததை வைத்துக்கொள்ளலாம். எண்பதுகளின் நடுவில், முறையாகத் தேர்தலில் ஜெயித்து வந்த அரசாங்கமே இதைச் செய்தது. முராஹிலீன் என்று பேர். ராணுவ ஆட்சிதான் கெட்டது, மற்றதெல்லாம் தங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் கசந்தது.

டார்ஃபூரில் அதே வித்தைதான். அங்கே தகராறு ஹாஜி சொன்னதுபோல மேய்ப்பவனுக்கும் உழுபவனுக்கும் இடையில்தான் தொடங்கியது, பொய்யில்லை. 'டார்' என்றால் வீடு, நிலம். ஃபூர் மக்களுக்கு ஒரு டார் உண்டு, மசாலித்துகளுக்கு உண்டு. வடக்கே ஒட்டகம் மேய்க்கும் அரபுக் குழுக்கள் பலவற்றுக்குச் சொந்தமாக டார் கிடையாது. வருஷத்தில் சில மாதம் தெற்கே இறங்கி வருவார்கள், அறுவடை முடிந்த காட்டில் மேயவிடுவார்கள், திரும்பிப் போவார்கள். நம் பக்கத்தில் கிடை போடுகிற கீதாரிகள் வந்து போவதில்லையா, அந்த மாதிரி. 1984-85 பஞ்சத்தில் வடக்கே புல் இல்லாமல் போனது. வந்தவர்கள் திரும்பவில்லை. விவசாயி வேலி போட்டான். சண்டையைப் பேசித் தீர்க்க வேண்டிய அரசாங்கம் ஒரு தரப்பின் கையில் ஆயுதம் கொடுத்தது. 2003 ஏப்ரலில் டார்ஃபூர் கிளர்ச்சிக்காரர்கள் அல்-ஃபாஷிர் விமான நிலையத்தில் நின்ற விமானங்களையே கொளுத்தியபோது, ஜஞ்சவீத் என்ற அந்த ஒட்டகப் படையைக் கட்டவிழ்த்துவிட்டார்கள். மேலே ராணுவ விமானம் குண்டு போடும், கீழே இவர்கள் புகுந்து ஊரைக் கொளுத்துவார்கள். செத்தவர்கள் 3 லட்சம் என்று ஐநா மதிப்பிட்டது. அதிபர் ஒமர் அல்-பஷீர் மேல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2009ல் பிடியாணை போட்டது. அவர் பாட்டுக்கு இன்னும் பத்து வருஷம் ஆண்டார்.

அந்த ஒட்டகக்காரர்களில் ஒருவர்தான் முகமது ஹம்தான் டகாலோ. எல்லோருக்கும் ஹெமெட்டி. ஆரம்பப் பள்ளியோடு படிப்பை விட்டவர். லிபியாவுக்கும் எகிப்துக்கும் ஒட்டகம் ஓட்டி விற்றவர். எனக்கு இந்த ஆளைப் பற்றிப் படிக்கப் படிக்க, வெறும் அடியாள் என்று ஒதுக்க முடியவில்லை. இவர் ஒரு வியாபாரி. 2007ல் சம்பளம் வரவில்லை என்று அரசாங்கத்துக்கு எதிராகவே ஆட்களோடு மலையேறினார். பணமும் பதவியும் பேசி முடித்துக்கொண்டு இறங்கி வந்தார். 2013ல் அவர் தலைமையில் ஜஞ்சவீத்துகளைச் சீருடை மாட்டி 'துரித ஆதரவுப் படை' ஆக்கினார் பஷீர். சுருக்கமாக ஆர்எஸ்எஃப். 2017ல் நாடாளுமன்றமே அதற்குச் சட்டம் போட்டுக் கொடுத்தது. ராணுவம் தன்னைக் கவிழ்த்துவிடாமல் இருக்க இது காவல் என்பது பஷீர் கணக்கு. 'ஹிமாயத்தி', என் பாதுகாப்பு, என்று பேரை வைத்தே கொஞ்சுவாராம். அதே வருஷக் கடைசியில் வடக்கு டார்ஃபூரில் ஜபல் ஆமிர் தங்கச் சுரங்கங்கள் ஹெமெட்டி கைக்கு வந்தன. யெமன் போருக்கு ஆள் அனுப்பியதில் வளைகுடாப் பணம் வந்தது. தங்கம் துபாய்க்குப் போனது. என் பிசினுக்கான பணமும் அதே துபாய் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பழமொழியில் வளர்த்தவன் மேல் ஒரு பரிதாபம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே அது எனக்கு வரவில்லை.

2018 டிசம்பர் 19 அன்று அத்பரா என்ற ரயில்வே ஊரில், ரொட்டி விலை ஒரு பவுண்டிலிருந்து மூன்றாக ஏறியதும் போராட்டம் ஆரம்பித்தது. ஏப்ரல் 6 அன்று கார்ட்டூமில் ராணுவத் தலைமையகத்தின் வாசலிலேயே கூட்டம் உட்கார்ந்துவிட்டது. ஐந்தாம் நாள் பஷீர் போனார். ஹாஜியின் மகள் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே கூடாரத்தில் முதலுதவி செய்கிறாள் என்று படம் படமாக அனுப்புவார். அத்பராவிலிருந்து ஒரு ரயில், கூரையெல்லாம் ஆளாக வந்து சேர்ந்த வீடியோவை மட்டும் மூன்று தடவை அனுப்பினார். விலை பேசும்போது சிரிக்கவே தெரியாத மனிதர்.

ஜூன் 3. ரமலான் முடிய ஓரிரு நாள். விடியற்காலையில் ஆர்எஸ்எஃப் ஆட்கள் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சில உடல்கள் கல் கட்டி நைலில் கிடந்தன. நாடு முழுக்க ஒரு மாதத்துக்கு மேல் இணையம் இல்லை. என் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு பதினேழு செய்திகள் நின்றன. ஜூலையில் ஹாஜி பேசினார். மகள் பத்திரம். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சரக்கு எப்போது வேண்டும் என்று கேட்டார்.

மேற்கே வீசிய கை அப்போதே நகரத்தின் நடுவில் வந்து இறங்கிவிட்டது. அடுத்து வந்த இடைக்கால அரசில் ராணுவத் தளபதி புர்ஹான் தலைவர், ஹெமெட்டி துணைத் தலைவர். 2021 அக்டோபர் 25 அன்று இரண்டு பேரும் சேர்ந்து பிரதமர் ஹம்தோக்கைத் தள்ளினார்கள். தள்ளிய பிறகு தங்களுக்குள் பங்கு பிரிக்கத் தெரியவில்லை. ஆர்எஸ்எஃப்பை ராணுவத்தோடு சேர்க்க ராணுவம் இரண்டு வருஷம் என்றது, ஹெமெட்டி பத்து வருஷம் என்றார். 2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை. நம் ஊரில் சித்திரை பிறந்த மறுநாள். கார்ட்டூமில் பீரங்கி வெடித்தது.

நம் அரசாங்கம் கப்பலும் விமானமும் அனுப்பி 3,800க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டது. 'ஆபரேஷன் காவேரி' என்று பேர் வைத்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் வந்து இறங்கினார்கள். டிவியில் இரண்டு வாரம் ஓடியது. நம்மவர்கள் வந்துவிட்டார்கள், செய்தியும் முடிந்துவிட்டது.

ஹாஜி ஜூனில் கிளம்பி வாத் மதனிக்குப் போனார். டிசம்பரில் அதுவும் ஆர்எஸ்எஃப் கையில் விழ, மறுபடி மூட்டை கட்டி போர்ட் சூடான். 2024 பாதியில்தான் நிதானமாக ஒரு குரல்செய்தி அனுப்பினார், ஒன்பது நிமிஷம். பஹ்ரி குடோன் எரிந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தவர்கள் காரை எடுத்தார்கள், மகளின் தங்கத்தை எடுத்தார்கள், குளிர்சாதனப் பெட்டியைக்கூடத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். வரவேற்பறையில் வாடிக்கையாளருக்குக் காட்ட வைத்திருந்த கண்ணாடி ஜாடியில் உயர்தரப் பிசின் இருந்தது. பதினெட்டு வயசுகூட இருக்காத ஒரு பையன் துப்பாக்கியைத் தோளில் தள்ளிவிட்டு ஜாடியைத் திறந்து ஒரு கட்டியை எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். வாயில் போட்டுக்கொண்டான். "இது எங்க ஊர் ஹஷாப். நாங்க பறிச்சது" என்றானாம். கிலோ என்ன விலைக்கு விற்கிறாய் என்றும் கேட்டிருக்கிறான். ஹாஜி சொல்லவில்லை. "அவன் அப்பனுக்கு நான் என்ன கொடுத்தேன் என்று எனக்குத் தெரியுமே" என்பதோடு செய்தி முடிந்துவிட்டது.

இதைச் சொல்லி அந்தப் பையனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவன் சேர்ந்திருந்த படை அதே மாதங்களில் மேற்கே என்ன செய்தது என்று ஊருக்கே தெரியும். எல்லையோர அல்-ஜுனைனாவில் மசாலித் மக்களை வீடுவீடாகத் தேடிக் கொன்றார்கள். அந்த ஒரு ஊரில் 10,000 முதல் 15,000 பேர் என்பது ஐநா நிபுணர் குழுவின் கணக்கு. எதிர்த்தரப்பு ராணுவமும் சுத்தமில்லை, சந்தை கூடும் நாளில் விமானத்திலிருந்து குண்டு போட்டது. வீட்டை விட்டு ஓடியவர்கள் மொத்தம் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். ஐக்கிய அரபு அமீரகம் ஆர்எஸ்எஃப்புக்கு ஆயுதம் கொடுப்பதாகப் பல திசையிலிருந்தும் குற்றச்சாட்டு வந்தது, அவர்கள் மறுக்கிறார்கள். எகிப்து, சூடான் ராணுவத்தின் பக்கம்.

2025 மார்ச்சில் ராணுவம் கார்ட்டூமைத் திரும்பப் பிடித்தது. ஆர்எஸ்எஃப் தன் பலத்தையெல்லாம் அல்-ஃபாஷிர் மேல் திருப்பியது. டார்ஃபூரில் அவர்கள் கைக்கு வராமல் மிச்சம் இருந்த ஒரே பெரிய ஊர். 2024 மேயிலிருந்தே முற்றுகை. ஊரைச் சுற்றி மண்ணை வெட்டிக் குவித்துக் கரை எழுப்பினார்கள். அது நீண்டுகொண்டே போவதைச் செயற்கைக்கோள் படத்தில் வாராவாரம் பார்க்க முடிந்தது. தானியம் உள்ளே போக வழியில்லை. ஜனங்கள் 'அம்பாஸ்' சாப்பிட்டார்கள் என்று செய்திகளில் வந்தது. என்னவென்று தேடினேன். கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை, மாட்டுத்தீனி.

கடலைப் புண்ணாக்கு. எங்கள் வீட்டில் ராத்திரி ஊறவைத்துக் காலையில் தவிட்டோடு கலந்து பசுவுக்கு வைத்தது. ஊறின புண்ணாக்கின் வாசம் எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயசில் ஒரு துண்டைத் திருட்டுத்தனமாகக் கடித்துத் துப்பியிருக்கிறேன். அங்கே அதைத் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்கு ஊட்டுகிற தாய்மார்கள். முற்றுகை நடக்கும்போதே கடைசியில் அதுவும் தீர்ந்துபோயிற்று.

உள்ளே சமூகச் சமையலறைகள் நடந்தன. 'தகாயா' என்பார்கள். 2019ல் தெருவில் உட்கார்ந்த அதே தலைமுறைப் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு அவசர உதவி அறைகள் என்று அமைத்து, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் அனுப்பும் பணத்தில் அண்டா வைத்து ஆக்கிப் போட்டார்கள். நாடு முழுக்க இப்படித்தான் ஜனம் பிழைத்தது. 2025ல் அவர்களுக்கு 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அந்த அக்டோபர் 26 அன்று அல்-ஃபாஷிர் விழுந்தது. ஊரில் மிச்சம் இருந்த சவூதி மகப்பேறு ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் துணைக்கு இருந்தவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கொன்றவர்கள் தாங்களே வீடியோ எடுத்துப் போட்டார்கள். ஒன்றைத் திறந்தேன், பாதியில் மூடிவிட்டேன். ஹாஜிக்கு அனுப்ப ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்து, ஒன்றும் எழுத வரவில்லை.

எனக்குச் சரக்கு இப்போது மும்பை வியாபாரி மூலம் வருகிறது. மூட்டைமேல் 'சாட்' என்று நாட்டின் பேர் அச்சாகியிருக்கிறது. சாட் நாட்டிலும் பிசின் விளைகிறதுதான். ஆனால் மேற்கு கொர்டோஃபானில் பெரிய பிசின் சந்தையான அன்-நஹூத் 2025 மேயில் ஆர்எஸ்எஃப் கைக்குப் போனதிலிருந்து, அந்தப் பக்கத்துச் சரக்கு எல்லை தாண்டி வேறு நாட்டுப் பேரில் வெளியே வருகிறது என்று தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வழியில் யார் யாருக்கு என்ன கப்பம் கட்டியது என்று மூட்டையில் எழுதியிருக்காது. வாங்காமல் விட்டால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். விட்டால் என்னைப் போல நாலு பேர் வாங்குவார்கள் என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் மூட்டை பிரிக்கும்போது, வருஷக்கணக்காக என்னிடம் சலிக்கிற ஆள் ஒரு கட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, நம்ம பழைய சரக்கு மாதிரியே இருக்கே." வெளிர் மஞ்சள், உள்ளே கண்ணாடி மாதிரி தெளிவு. படம் எடுத்து ஹாஜிக்கு அனுப்பினேன். படத்தைப் பார்த்தெல்லாம் எந்த ஊர் என்று சொல்ல முடியாது, கடித்துப் பார் என்று பதில் வந்தது. கடித்தேன். சுத்தமாக உடைந்தது, ருசி ஒன்றும் இல்லை. அதை எழுதினேன்.

"கிலோ என்ன விலை?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அதிகம்" என்றார்.